இரண்டாம் பலகை வீரருக்கு ஓய்வு தருவது பற்றி

சுற்றுக்கு நால்வர் நான்கு பலகைகளில் ஆட, ஒருவர் வெளியே இருக்கும் சதுரங்க ஒலிம்பியாடு முறையில், ஐவர் கொண்ட உங்கள் அணியில், அடுத்தடுத்து இரண்டு சுற்றுகள் தோற்ற இரண்டாம் பலகை வீரருக்கு, வலுவான அணியைச் சந்திக்கும் நாளைய சுற்றில் ஓய்வு தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தரலாம் என்பதே என் கருத்து. ஆனால் தோல்விகளைப் பார்ப்பதற்கு முன் காய்களின் நிறக் கணக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் கொடுத்த பலகை வரிசையை இடையில் மாற்ற முடியாது என்பதால், இரண்டாமவர் விலகினால் மூன்றாமவரும் நான்காமவரும் ஒவ்வொரு பலகை மேலே ஏற, ஐந்தாமவர் நான்காம் பலகையில் அமர்வார். நிறங்கள் பலகைக்குப் பலகை மாறி வரும்; முதல் பலகைக்கு வெள்ளை என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதால், வெள்ளை ஆடவேண்டிய மூன்றாமவர் கறுப்புக்கும், கறுப்பு ஆடவேண்டிய நான்காமவர் வெள்ளைக்கும் மாறிவிடுவார்கள். மூன்றாமவர் கறுப்பில் எளிதில் தோற்காதவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; எனவே இந்த மாற்றம் உங்களுக்குச் சாதகமானது.

களைப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. 2024இல் புடாபெஸ்டில் நடந்த ஒலிம்பியாடில் இந்தியா தங்கம் வென்றபோது, அர்ஜுன் எரிகைசி 11 சுற்றுகளும் ஆடி 10 புள்ளிகள் எடுத்தார். முதல் பலகையில் குகேஷ் 10 ஆட்டங்களில் 9 எடுத்தார்.

ஐந்தாமவர் ஆறு சுற்றுகளாக ஓர் ஆட்டமும் ஆடவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. நானாக இருந்தால் எளிய சுற்று ஒன்றில் முன்பே அவரை இறக்கியிருப்பேன். நாளை அவருக்குக் கறுப்பு என்பதால், புதிய தொடக்க நகர்வுமுறை எதையும் கற்பிக்காமல், பழகிய ஒன்றையே ஆடச் சொல்லுங்கள்.