விண்டோஸா, லினக்ஸா, மேக்கா? பாதுகாப்பு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையில் 2017இல் வாங்கிய லேப்டாப் இருக்கிறது. ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. டேலியும் ஜிஎஸ்டி வேலையும் அதில்தான். விண்டோஸ் 11 போட முடியாது என்று செய்தி வருகிறது. இப்படியே ஓட்டலாமா, லினக்ஸுக்கு மாறலாமா?
— வாசகர், ஈரோடு

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகும் லேப்டாப் முன்பு போலவே ஓடுவதால்தான் பலரும் ஆபத்தை உணர்வதில்லை. விண்டோஸ் 11க்கு மாதாமாதம் பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தம், வருகிறது. அந்தப் பேட்சைப் பிரித்துப் பார்த்தாலே எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் அடிப்படை நிரல் பெருமளவு ஒன்றே என்பதால், 11இல் அடைத்த ஓட்டை 10இல் திறந்தே கிடக்க வாய்ப்பு அதிகம். பேட்ச் போடாத கணினிக்கு என்ன ஆகும் என்பதற்கு, 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) சரியான உதாரணம். அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே பேட்ச் கொடுத்திருந்தது. இரண்டு மாதமாக அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின.

உங்கள் லேப்டாப் தகுதி பெறாததற்குக் காரணம் ப்ராசஸர். இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லை என்று மட்டும் செய்தி வந்திருந்தால், பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) போய் பிடிடி என்ற வசதியை ஆன் செய்து சரிசெய்திருக்கலாம். ப்ராசஸர் விஷயத்தில் அந்த வழி இல்லை. ரூஃபஸ் மாதிரி மென்பொருளால் சோதனையைத் தாண்டி 11ஐப் போட்டுத் தருகிறோம் என்று கடைகளில் சொல்வார்கள். போட முடியும், ஓடவும் ஓடும். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கணக்கு வழக்கு இருக்கும் கணினியில் அதைச் செய்ய வேண்டாம்.

விண்டோஸ் 10க்கே நீட்டிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். கணினியில் 22ஹெச்2 பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்ய வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் ‘என்ரோல்’ பொத்தான் தெரியும். செட்டிங்ஸை ஒன்டிரைவில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம், இல்லாவிட்டால் 30 டாலர். வணிக நிறுவனங்களுக்குத் தனித் திட்டம்: முதல் வருடத்துக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருடங்களில் அது இரட்டிப்பாகும். எட்டு வருடம் கடந்த லேப்டாப்பில் அந்தப் பணத்தைக் கொட்டுவதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை.

லினக்ஸ் என்றால், டேலிபிரைமுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவரும் விண்டோஸில்தான் சிக்கல் இல்லாமல் ஓடும். ஆகவே டேலிக்கு விண்டோஸ் 11 உள்ள கணினி ஒன்று வாங்குங்கள். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போட்டு, மெயில், வாட்ஸ்அப் வெப், யூடியூப் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுங்கள். ‘இன்வாய்ஸ்’ என்ற பெயரில் வரும் ஜிப் கோப்பை யாராவது திறந்தாலும், அது டேலி இருக்கும் கணினியில் நடக்காது.

புதிய கணினியில் அட்மின் கணக்கு ஒன்று, தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்ட் கணக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு கணக்கரிடம் இருக்க வேண்டிய அவசியமில்லை. டேலி டேட்டாவுக்கு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி மாற்றி பேக்கப் எடுங்கள். எடுத்து முடித்தவுடன் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். சொருகியபடியே விட்ட டிஸ்க்கையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.

கேள்வி: கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி. விண்டோஸ் 11 ப்ரோ போட்டுக் கொடுத்தார்கள், லைசென்ஸுக்கு பில் இல்லை. ஒரிஜினலா என்று எப்படிப் பார்ப்பது?
— வாசகி, நாகர்கோவில்

விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்துங்கள். வரும் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு போட்டு, எக்ஸ், பி, ஆர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஆக்டிவேஷன் இன்ன தேதியில் முடியும் என்று வந்தால், அது பெரிய அலுவலகங்களுக்கான 180 நாள் முறை. அங்கே ஒரு சர்வர் அவ்வப்போது அதைப் புதுப்பிக்கும். உங்கள் வீட்டில் அந்த சர்வர் இல்லை. அப்படியானால் சர்வர் போல நடிக்கும் கள்ள ஆக்டிவேட்டர் ஒன்று கணினிக்குள்ளேயே அட்மின் அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ‘நிரந்தரம்’ என்று வந்தாலும் அதை மட்டும் வைத்து ஒரிஜினல் என்று முடிவு செய்ய முடியாது. அந்தச் செய்தியையும் குறுக்கு வழியில் வரவழைக்கிறார்கள்.

அடுத்து, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியின் செட்டிங்ஸில் கீழே இருக்கும் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டரோ, சி டிரைவ் முழுவதுமோ அங்கே இருந்தால், ஆன்டிவைரஸ் அந்த இடத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம் பல வருடமாக வீட்டுக் கணினிகளுக்குள் வந்தது பெரும்பாலும் கிராக், ஆக்டிவேட்டர் வழியாகத்தான். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரல்களும் அதே வழியில் வருகின்றன.

ஆக்டிவேட்டரை மட்டும் அழித்தால் போதாது. போட்டோ, ஆவணங்களை மட்டும் நகல் எடுங்கள். நிறுவும் கோப்புகள் எதையும் எடுக்க வேண்டாம். நம்பகமான வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றுங்கள். நிறுவும்போது பழைய பார்ட்டிஷன்கள் (டிஸ்க்கின் பிரிவுகள்) அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை அதற்குப் பிறகு மாற்றுங்கள்.

லைசென்ஸ் வாங்க இப்போது பணம் இல்லையென்றாலும் பயப்பட வேண்டாம். ஆக்டிவேட் செய்யாத விண்டோஸ் ஓடும். திரை மூலையில் ஒரு வாசகம் நிற்கும், வால்பேப்பர் மாற்ற முடியாது. பாதுகாப்பு அப்டேட் தடையின்றி வரும். கிராக் செய்த விண்டோஸை விட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: லினக்ஸில் வைரஸே வராது என்கிறார்களே?
— வாசகர், தஞ்சாவூர்

வரும். வீட்டு லினக்ஸ் கணினிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அவற்றைக் குறிவைப்பவர்கள் குறைவு. மென்பொருளைக் கண்ட தளத்தில் இறக்காமல் டிஸ்ட்ரோ எனப்படும் லினக்ஸ் வகையின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து (மென்பொருள் கிடங்கு) எடுப்பதும் பெரிய பாதுகாப்பு. ஆனால் லினக்ஸ் ஓடும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் 2016இல் மிராய் என்ற தீநிரல் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. அதற்குத் தேவைப்பட்டது, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளின் சிறு பட்டியல் மட்டுமே.

களஞ்சியமும் தவறலாம் என்பதற்கு எக்ஸ்இசட் விவகாரம் சாட்சி. கோப்புகளைச் சுருக்கும் அந்தச் சிறு நிரலுக்கு ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் உதவி செய்து, பராமரிப்புப் பொறுப்பையே பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் (ரகசியமாக நுழையும் வழி) வைத்தார். வேறொரு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் 2024 மார்ச் 29 அன்று அதை வெளியிட்டார். டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் சோதனைப் பதிப்புகள் வரை அது வந்துவிட்டது. பொதுப் பயன்பாட்டுக்கான ஸ்டேபிள் பதிப்பை எட்டவில்லை. புத்தம் புதிய பதிப்பே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டெபியன் 13, உபுண்டு 24.04, மின்ட் 22 போல, பேட்ச் மட்டும் உடனுக்குடன் வந்து மற்றதெல்லாம் நிதானமாக நகரும் பதிப்புகளையே வீட்டுக்குச் சொல்வோம். ஆர்ச் லினக்ஸின் பயனர் களஞ்சியத்தில் 2025 ஜூலையில் பிரவுசர் பேட்ச் என்ற பெயரில் நச்சுப் பொதிகள் ஏற்றப்பட்டன. அங்கே யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். நிறுவுவதற்கு முன் ஸ்கிரிப்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது.

சென்னை சி-டாக் உருவாக்கும் பாஸ் லினக்ஸ் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அரசு நிறுவனம் செய்தது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். நீங்கள் போடும் பதிப்புக்குக் கடைசி பாதுகாப்பு அப்டேட் எப்போது வந்தது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11 லேப்டாப்பில் மின்டையும் சேர்த்துப் போட ஆசை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

முதலில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி. புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டிருக்கும். பலருக்குத் தெரிவதே இல்லை. பயாஸில் செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது இயங்குதளம் நம்பகமானதா என்று சோதிக்கும் வசதி) அமைப்பைத் தொட்டால், அடுத்த முறை நீலத்திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே காகிதத்தில் எழுதி வையுங்கள். இந்த எண் இல்லாமல் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் மீட்க முடியாது. பிறகு இந்த என்கிரிப்ஷனை (டிஸ்க்கைப் பூட்டும் முறை) அணைத்து, அது முழுவதும் அவிழும் வரை காத்திருங்கள். பூட்டிய பார்ட்டிஷனை மின்ட் நிறுவியால் சுருக்க முடியாது.

இரண்டாவது, கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைக்க வேண்டும். அது ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுதினால் கோப்புகள் சேதமாகும்.

மின்டுக்குக் குறைந்தது 20 ஜிபி இடம் வேண்டும், 100 ஜிபி இருந்தால் தாராளம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சி டிரைவைச் சுருக்கிக் காலி இடம் எடுங்கள்.

மின்டை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்கியதும், அதன் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 எண்ணைச் சரிபார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், பின்வாசல் வைத்த 17.3 சினமன் ஐஎஸ்ஓவுக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். செவன்-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தாலே எண் கிடைக்கும். 64 எழுத்துகளையும் மின்ட் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறொரு மிரர் (நகல்) தளத்திலும் அதே எண் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது.

செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியதில்லை, மின்ட் அதோடு ஒத்துப்போகும். ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், இரண்டு இயங்குதளங்களும் உள்ள பல டூயல் பூட் கணினிகளில் லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. ஆகவே மின்ட் ஏற்றிய பென்டிரைவை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஒரு குறையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். டிஸ்க்கை முழுதாக அழித்து மின்ட் மட்டும் போட்டால், என்கிரிப்ஷனுக்கு நிறுவியிலேயே ஒரு டிக் போதும். விண்டோஸ் பக்கத்தில் போட்டால் அந்த எளிய வழி கிடையாது. விடுதியில் லேப்டாப் திருட்டுப் போகும் பயம் உங்களுக்கு இருந்தால், இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

நிறுவிய பின் மூன்று வேலைகள் உண்டு. அப்டேட் மேனேஜரில் தானியங்கி அப்டேட்டை ஆன் செய்யுங்கள். ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள். அது அணைந்தே வரும். சிஸ்டத்தை முந்தைய நிலைக்கு மீட்கும் டைம்ஷிஃப்டை அமைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் அது சிஸ்டம் கோப்புகளைத்தான் காப்பாற்றும், உங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குத் தனி பேக்கப் வேண்டும். தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ் எம்17என் பொதியைக் களஞ்சியத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். எந்த ‘ஃப்ரீ டவுன்லோட்’ தளத்துக்கும் போக வேண்டாம்.

கேள்வி: 2017 மாடல் மேக்புக் ஏர் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது. மேக் என்பதால் பாதுகாப்புதானே?
— வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். அந்த மாடல் மேக் இயங்குதளத்தின் மான்டரே பதிப்போடு நின்றுவிட்டது. மான்டரேக்கு ஆப்பிள் 2024இலேயே பேட்ச் கொடுப்பதை நிறுத்திவிட்டது. இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு 2025இல் வந்த டஹோ. பழையதுதான் வாங்குவீர்கள் என்றால் ஆப்பிளின் எம்1 சிப் அல்லது அதற்குப் பிந்தையது உள்ள மேக்கை வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன், விற்பவர் உங்கள் கண் முன்னாலேயே ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி மெஷினை அழித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மெஷினைப் பழைய உரிமையாளரின் கணக்கோடு பூட்டி வைக்கும் ஆக்டிவேஷன் லாக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

மேக்குக்கென்றே எழுதிய பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் 2023 முதல் வேகமாகப் பரவுகின்றன. ‘இந்த வரியைக் காப்பி செய்து டெர்மினலில் ஒட்டுங்கள்’ என்று ஒரு பக்கம் கேட்டால், அதை உடனே மூடிவிடுங்கள். அப்படி ஒட்டிய கட்டளை, மேக்கின் கேட்கீப்பர் சோதனையைத் தொடாமலேயே ஓடிவிடும்.

கேள்வி: தகவல் அறியும் உரிமைச் சட்டப் பணிகளில் இருக்கிறேன். பாதுகாப்புக்கென்றே உருவான இயங்குதளங்களான க்யூப்ஸ், டெயில்ஸ் இரண்டில் எது எனக்கு?
— வாசகர், மதுரை

முகம் தெரியாதவர்கள் அனுப்பும் பிடிஎஃப்களைத் தினமும் திறக்க வேண்டியிருந்தால் க்யூப்ஸ். அதில் ஒவ்வொரு வேலையும் தனித்தனி மெய்நிகர் கணினிக்குள் நடக்கும். சந்தேகத்துக்குரிய கோப்பை, மூடியதும் அழிந்துவிடும் பெட்டியில் திறக்கலாம், அல்லது வெறும் படமாக மாற்றிய பிடிஎஃப்பாக வாங்கிக்கொள்ளலாம். 16 ஜிபி ரேம் இல்லாமல் இறங்காதீர்கள். வாங்குவதற்கு முன் க்யூப்ஸ் தளத்தின் வன்பொருள் பட்டியலில் உங்கள் லேப்டாப் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையும் ஸ்லீப்பும் வேலை செய்யாமல் போவது அதில் சாதாரணம்.

எப்போதாவது ஒருமுறை, தடயம் இல்லாமல் ஒருவரைத் தொடர்புகொள்வது மட்டும்தான் தேவை என்றால் டெயில்ஸ் போதும். 8 ஜிபி பென்டிரைவிலிருந்து ஓடும், இணையம் முழுவதும் அடையாளம் மறைக்கும் டார் வலைப்பின்னல் வழியாகப் போகும், அணைத்தால் கணினியில் எதுவும் மிஞ்சாது. அதற்குள் உங்கள் வழக்கமான மெயிலில் லாகின் செய்தால் நீங்கள் யார் என்பது தெரிந்துவிடும். தகவல் கொடுத்தவரின் ஆவணத்தைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவருடைய பாதுகாப்பு போனோடு போயிற்று. இரண்டில் எதுவும் அங்கே உதவாது.

கேள்வி: ஏழாம் வகுப்புப் பையனுக்கு குரோம்புக் வாங்கலாமா?
— வாசகி, புதுச்சேரி

பாடம், வீடியோ வகுப்பு, தமிழ்த் தட்டச்சு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சிஸ்டம் கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று அதுவே சோதிக்கும். கெட்டுப்போனால் பவர்வாஷ் என்ற முழு ரீசெட் செய்து சில நிமிடத்தில் புதிதாக்கிவிடலாம். தள்ளுபடியில் வாங்கும்போது மட்டும் கவனம். அப்டேட் பத்து வருடம் என்பது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. கடையிலேயே ஆன் செய்யச் சொல்லி, செட்டிங்ஸில் ‘அபவுட் குரோம்ஓஎஸ்’ பகுதியில் அப்டேட் முடியும் மாதத்தைப் பாருங்கள். பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை அப்டேட் வராது என்றால் வேறு மாடல் கேளுங்கள்.