இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் சனி, ஞாயிறை வீட்டிலேயே அமைதியாகக் கழிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: சென்னையில் வாடகைக் குடியிருப்பில் இருக்கும் தம்பதி, இருவருக்கும் வேலை. வார இறுதியில் எங்கும் போகாமல் வீட்டிலேயே நிம்மதியாக இருக்க ஆசை. ஆனால் துணி, மாவு, காய்கறி, வீடு பெருக்குவது என்றே இரண்டு நாளும் ஓடிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

இரண்டு பேர் இருக்கும் வீட்டில் உண்மையில் அவ்வளவு வேலை கிடையாது. செய்கிற வரிசைதான் ஆளை அடித்துப் போடுகிறது. வீட்டு வேலைகளில் கை படும் நேரம் கொஞ்சம், தானாக நடக்கும் நேரம் நிறைய. அரிசி ஊறவும் மாவு புளிக்கவும் துணி காயவும் டிகாஷன் இறங்கவும் நாம் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. இட்லி மாவுக்கு, ஊறப்போடுவதிலிருந்து பொங்கி வரும் வரை 14, 15 மணி நேரம் ஆகும். கை படுவது அரை மணி நேரம்கூட இல்லை. காத்திருக்கும் வேலைகளை முதலில் தொடங்கிவிட்டு, அவை நடக்கும் நேரத்தில் ஓய்வெடுங்கள். ஞாயிறு காலை அரிசி ஊறப்போட்டால் ஞாயிறு முழுக்க மாவின் பின்னால்தான் ஓட வேண்டும்.

வெள்ளி இரவே மூன்று காரியம் முடித்துவிடுங்கள், கால் மணி நேரம் போதும். துணியை வெள்ளை, சாயம் போகிறவை, துண்டு–படுக்கை விரிப்பு என்று பிரித்து வையுங்கள். குடிநீர்க் கேன் ஒன்றுதான் மீதி என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகளில் கேன் போட ஆள் வருவதில்லை. மூன்றாவது, மறுநாள் உங்கள் பகுதியில் மின்தடை உண்டா என்று பாருங்கள். பராமரிப்புக்கான மின்தடையை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும், நாளிதழ்களில் பகுதிவாரியாக வரும். பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் 2 மணி வரை. சனிக்கிழமையும் வரலாம். இதைப் பார்க்காமல் 9 மணிக்கு மெஷினைப் போட்டால், சோப்புத் தண்ணீரில் ஊறிய துணியோடு மதியம் வரை உட்கார்ந்திருக்க நேரும்.

சனி காலை ஆறரைக்கு முதல் வேலை துணி. அந்த நேரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சின்னக் குடியிருப்புகளில் காலையில் மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கும். எட்டு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் குளியல் தொடங்கினால் அழுத்தம் விழுந்துவிடும். கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது, நமக்குத்தான் நன்றாக வரும் என்று நினைப்பார்கள். உயர வித்தியாசம் குறைவு என்பதால் அழுத்தமும் அங்கேதான் குறைவு. மெஷின் தண்ணீர் எடுக்க நேரமாகி, பாதியில் பிழை காட்டி நின்றுவிடும்.

அப்படி நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒன்றைப் பாருங்கள். குழாயை மூடி, மெஷினின் பின்பக்கம் தண்ணீர் நுழையும் ஹோஸைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே விரல்நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும். மூக்கு நீண்ட குறடால் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். தொட்டி மண்ணும் துருவும் அதில் அப்பியிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினால் தண்ணீர் பழையபடி வேகமாக வரும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

போர் தண்ணீருக்கு இன்னொரு தொல்லை, உப்பு. குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் மெஷினுக்குள்ளும் படிகிறது. துண்டு அட்டை மாதிரி விறைப்பதற்கும் அதுதான் காரணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, துணி இல்லாமல், 100 கிராம் சிட்ரிக் ஆசிட் தூளை டிரம்மில் போட்டு 60 டிகிரி சூட்டில் ஒரு சுற்று ஓட விடுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும்.

முதல் சுற்று ஓடும் நேரத்தில் காபி. இருவருக்குக் குவியலாக மூன்று மேசைக்கரண்டித் தூள். பில்டரின் மேல் பாத்திரத்தில் போட்டு, அதோடு வரும் குடை போன்ற கம்பித் தட்டால் லேசாகத் தட்டிச் சமப்படுத்தினால் போதும். அழுத்தித் திணித்தால் இறங்கவே இறங்காது. தண்ணீர் கொதித்து அடங்கியதும் ஊற்றி மூடி வைத்தால் 15, 20 நிமிடத்தில் கெட்டி டிகாஷன் கிடைக்கும். சொட்டு நின்றுபோகிறது என்றால் ஓட்டைகளில் பழைய தூள் அடைத்திருக்கிறது. ஸ்டீல் பில்டரின் மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினால் எரிந்து திறந்துகொள்ளும். ஆவின் நீல பாக்கெட் பாலில் 3 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சில் 6. வாரநாளில் எது வாங்கினாலும், சனி ஞாயிறுக்கு ஆரஞ்சு வாங்குங்கள். அந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரியும்.

துணியை எட்டரைக்குள் மொட்டை மாடியில் போட்டு, மதியத்துக்குள் எடுத்து, எடுத்த கையோடு மடித்துவிட வேண்டும். வெயிலில் காய்ந்த துணியைச் சூடு ஆறுவதற்குள் மடித்தால் பாதிச் சட்டைக்கு இஸ்திரியே தேவைப்படாது. நாற்காலியில் குவித்துவிட்டால் புதன்கிழமை வரை அங்கேதான் கிடக்கும். சாயங்காலம் வரை கொடியில் விட்டால் ஈரக்காற்றில் துணி மறுபடி நமுத்துப்போகும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மொட்டை மாடியை நம்பாதீர்கள். கடைசியில் இன்னொரு முறை பிழியும் சுற்று மட்டும் ஓட்டி, ஸ்டாண்டில் இடைவெளி விட்டுப் போட்டு மின்விசிறியை ஓட விடுங்கள்.

காய்கறிக்கு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் பத்தேகாலுக்குத் திரும்பிவிடலாம். இருவருக்கு ஒரு வாரத்துக்கு வெங்காயம் ஒன்றரைக் கிலோ, தக்காளி ஒரு கிலோ, நான்கு வகைக் காய் அரை அரைக் கிலோ போதும். கீரை ஒரே ஒரு கட்டு, அதையும் அன்றைக்கோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் கழுவி அடுக்குவது பலருக்கும் பழக்கம்; ஈரத்தோடு குளிர்பெட்டிக்குள் போகும் காய்தான் முதலில் அழுகும். கொத்தமல்லியைக் கழுவாமல், வேரை நறுக்கிவிட்டு, உலர்ந்த துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள்.

பெருக்கித் துடைத்து, மதியம் ஒரு மணியோடு நிறுத்திவிடுங்கள். மிச்சமிருப்பது அடுத்த சனிக்கு. இந்த எல்லை இல்லையென்றால் அலமாரியை ஒழுங்குபடுத்துவதில் ஆரம்பித்து இரவு எட்டு மணியாகிவிடும்.

மூன்று மணிக்குத் தூங்கப் போகும் முன் மாவுக்கு ஊறப்போடுங்கள். இட்லி அரிசி 4 டம்ளர், தோல் நீக்கிய முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி. உளுந்தும் வெந்தயமும் ஒரே பாத்திரத்தில், அரிசி தனியாக. ஏழு மணிக்குக் கிரைண்டரில் உளுந்தை முதலில் போடுங்கள். ஒரே தடவையில் தண்ணீரைக் கொட்டாமல், குளிர்ந்த தண்ணீராக இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கையால் தெளித்து 25 நிமிடம் ஓட விடுங்கள். ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். அரிசி 20 நிமிடம். சன்ன ரவை பதம் போதும். அரிசியை வழித்தெடுத்த பிறகு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கிரைண்டரை ஒரு நிமிடம் ஓட்டி, அந்தத் தண்ணீரையும் மாவிலேயே சேருங்கள். கல் பாதி கழுவியாகிவிடும், மாவும் வீணாகாது. இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கையாலேயே கலக்குங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இந்த வேலை எட்டரைக்குள் முடிய வேண்டும். கீழ்வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தில் கிரைண்டர் ஓடுவது நியாயமில்லை. மே மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும் என்பதால், அப்போது ஐஸ் தண்ணீரில் அரைத்து, தரையில் வைத்து, விழிப்பு வந்ததும் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். டிசம்பரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். ஊறப்போடுவதையே மதியம் ஒன்றுக்கு நகர்த்திவிடுங்கள். மாவு எழும்பவே இல்லையென்றால் பெரும்பாலும் பழைய உளுந்து, இல்லாவிட்டால் கல் சூடேறி மாவு வெந்திருக்கும். பொங்கிய மாவை மொத்தமாகக் கலக்காமல், இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காற்று வெளியேறாதபடி அப்படியே உள்ளே வையுங்கள். செவ்வாய் வரை இட்லி, பிறகு தோசை, வெள்ளிக்கிழமை புளித்ததில் ஊத்தப்பம்.

மாவு வேலை ஒருவருக்கு, துணி வேலை ஒருவருக்கு என்று முழுசாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊறப்போடுவதிலிருந்து கிரைண்டர் கழுவிக் கவிழ்ப்பது வரை ஒரே ஆள். அழுக்குக் கூடையிலிருந்து அலமாரி வரை ஒரே ஆள். மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். 'நான் ஏதாவது உதவட்டுமா' என்று ஒருவர் கேட்கும் வீட்டில், எது எப்போது என்று நினைவு வைத்துக்கொள்ளும் பாரம் முழுக்க மற்றவர் தலையில்தான் இருக்கிறது. பல வீடுகளில் சண்டை தொடங்கும் இடம் அந்தப் பாரம்தான்.

இனி ஞாயிறு. காலை இட்லி, மதியம் ஒரே ஒரு குழம்பு. மீன் சாப்பிடுகிறவர்கள் நெத்திலியை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோவை ஒவ்வொன்றாகக் கிள்ளிச் சுத்தம் செய்ய நீங்கள்தான் அரை மணி நேரம் உட்கார வேண்டும். சங்கராவோ வஞ்சிரமோ என்றால் கடையிலேயே வெட்டிக் கழுவித் தந்துவிடுவார்கள். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, அழுத்தினால் சதை மீண்டு வர வேண்டும். இருவருக்கு 400 கிராம், எலுமிச்சை அளவு புளி. குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகுதான் மீன். ஏழெட்டு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கரண்டி விட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் துண்டு உடையாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலையும் ஏறியிருக்கும். அந்த இரண்டு மாதமும் முட்டைக் குழம்போ வத்தக்குழம்போ போதும்.

சாப்பிட்ட பின் வரும் மதியம்தான் இந்த இரண்டு நாளின் உயிர். சென்னையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டி நுழையும். காலையிலேயே மேற்கு ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, காற்று திரும்பியதும் கிழக்கு ஜன்னலையும் அதற்கு எதிர்ப்பக்கக் கதவையும் திறந்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வராது, வெளியேற வழி வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் மேலைக்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று மூன்று, நான்கு மணி வரைகூடத் தள்ளிப்போகும். அன்றைக்கு ஜன்னலை மூடி ஏசி போடுவதுதான் சரி. 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓட விட்டால் போதும். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த சலுகையும் போய்விடும். 490-க்கும் 510-க்கும் பில்லில் விழும் வித்தியாசம் அதனால்தான் அவ்வளவு பெரிது. மீட்டரை மாதம் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும் அம்மா அப்பாக்களுக்கு ஞாயிறு பதினொரு மணிக்கு, இரண்டு வீட்டுக்கும் அடுத்தடுத்து, இருவருமாகப் பேசிவிடுங்கள். அந்த நேரம் அவர்களுக்கும் பழகிவிடும், மதியத் தூக்கத்தில் போன் வராது. உறவினர் வருவதாகச் சொன்னால் சனி சாயங்காலம் வரச் சொல்லுங்கள். வீடு துடைத்திருக்கும், பாலும் இருக்கும்.

கொசுவுக்காக ஐந்தே முக்காலுக்கு ஜன்னல்களைச் சாத்தி, ஏழரைக்கு மேல் திறங்கள். அந்த நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். தரை இன்னும் சுடும், ஒரு வாளித் தண்ணீர் தெளித்துவிட்டுப் பாயை விரித்தால் பத்து நிமிடத்தில் உட்காரும்படி ஆகிவிடும்.