குக்கரில் வேகும் ஸ்லைடுகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா.

"மகள் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி கடைசி வருஷம். ப்ராஜெக்ட் என்று சொல்லி நாலு மாசமாக ஸ்லைடுக்குக் கலர் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். குக்கரில் கண்ணாடியை வேக வைக்கிறாளாம். இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா, பேசாமல் பி.எட். சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். ப்ராஜெக்ட் தலைப்பும் அனுப்பியிருந்தீர்கள்: கெரட்டின் ஆன்டிபாடி கொண்டு எபிதீலியச் செல்களை அடையாளம் காணுதல். கெரட்டின் ஒரு புரதக் குடும்பம்; ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் பொருள்; எபிதீலியம் என்பது உடலையும் உறுப்புகளின் உட்சுவரையும் போர்த்தும் அடுக்கு. பி.எட். பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள் என்பதுதான் என் யோசனை. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குக்கர். திசுவை ஃபார்மலினில் போட்டால் அழுகாது. ஆனால் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். ஆன்டிபாடி போய் ஒட்ட வேண்டிய இடம் மறைந்துபோகும். அதனால் மெழுகில் பதித்து 4 மைக்ரான் தடிமனில் சீவிய திசுவை ஸ்லைடில் ஏற்றி, மெழுகை நீக்கி, சிட்ரேட் கரைசலில் சூடாக்குவார்கள். பல லேப்களில் அதற்கு நம் வீட்டு பிரஷர் குக்கர்தான். அப்புறம் கெரட்டினில் ஒட்டும் முதல் ஆன்டிபாடி, அதன் மேல் நிறம் உண்டாக்கும் என்சைமைச் சுமந்த இரண்டாம் ஆன்டிபாடி, கடைசியில் டிஏபி என்ற சாயப்பொருள். கெரட்டின் உள்ள செல் பழுப்பாகும். இல்லாத செல்லில் நீல நிற உட்கரு மட்டும் தெரியும்.

முடியிலும் நகத்திலும் இருப்பதும் கெரட்டின்தான். தோல், உணவுக்குழாய், குடல், நுரையீரலின் உட்சுவர், மார்பகத்தின் பால் நாளம் என்று உடலைப் போர்த்தி நிற்கும் எபிதீலியச் செல்களுக்கெல்லாம் உள்ளே சட்டம் போலத் தாங்குவது இந்தக் குடும்பம். மனிதருக்கு 54 கெரட்டின் ஜீன்கள் உண்டு. 1982இல் ஜெர்மனியில் மோல், ஃபிராங்கே குழுவினர் 19 வகைகளுக்கு எண் போட்டு வரிசைப்படுத்தினார்கள். பின்னால் சேர்ந்த எண்களோடு அந்த வரிசையில்தான் இன்றும் பேசுகிறோம். தோலின் அடி அடுக்கில் 5, 14. அதற்கு மேல் 1, 10. குடலிலும் கல்லீரலிலும் 8, 18. எந்த எண் தெரிகிறது என்று பார்த்தால் செல் எந்த வீட்டுப் பிள்ளை என்று ஊகிக்கலாம்.

புற்றுநோய் மருத்துவமனையில் இது அன்றாட வேலை. கல்லீரலில் ஒரு கட்டி, அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கெரட்டின் 20 இருந்து 7 இல்லையென்றால் பெருங்குடல் பக்கம் சந்தேகம் போகும். 7 இருந்து 20 இல்லையென்றால் நுரையீரல், மார்பகம் என்று தேடுவார்கள். தீர்ப்பு இதை மட்டும் வைத்து எழுதப்படுவதில்லை, ஆனாலும் தேடலின் திசையே இதனால் மாறும்.

சரி, வேலைக்கு வருகிறேன். கலர் ஏற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இயந்திரமே ஏற்றிவிடுகிறது. வந்த கலரை நம்பலாமா என்று சொல்லத் தெரிந்தவர்தான் குறைவு. எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், நல்ல மதிப்பெண், இன்டர்வியூவில் அழகான படங்கள் காட்டினார். "முதல் ஆன்டிபாடி போடாமல் ஒரு ஸ்லைடு செய்தீர்களா?" என்று ஒரே கேள்வி. அந்த ஸ்லைடிலும் பழுப்பு வந்தால் கலரை நம்ப முடியாது. அவர் செய்யவில்லை. பேச்சு அங்கேயே முடிந்தது.

என் படிப்புக் காலத்தில் எனக்கும் இது நேர்ந்தது. கல்லீரல் ஸ்லைடு முழுக்கப் பழுப்பு; ஒரு வாரம் சந்தோஷமாகத் திரிந்தேன். டிஏபியைப் பழுப்பாக்க நாம் போடுவதும் பெராக்ஸிடேஸ் என்சைம்தான்; திசுவிலேயே இருக்கும் பெராக்ஸிடேஸை ஹைட்ரஜன் பெராக்ஸைடு போட்டு அடக்காமல் விட்டிருந்தேன். ஆன்டிபாடி இல்லாமலே பழுப்பு வந்திருக்கும். அந்த வெறும் ஸ்லைடை முதல் நாளே செய்திருந்தால் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றும் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோல் துண்டிலிருந்து செல் வளர்க்கும்போது ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்கள் களை போல மண்டிவிடும். தட்டில் இருப்பது எது என்று சொல்ல கெரட்டினோடு விமென்டினையும் (ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற செல்களில் சட்டமாக நிற்கும் புரதம்) பார்க்க வேண்டும். புற்றுச் செல் பரவும்போது கெரட்டின் குறைந்து விமென்டின் ஏறுவதுண்டு. சில மென்தசைக் கட்டிகளில்கூடக் கெரட்டின் தலைகாட்டும். "பழுப்பு என்றால் எபிதீலியம்" என்று மனப்பாடமாகச் சொல்பவரையும், இந்த விதிவிலக்குகளை எடுத்து வைத்துப் பேசுபவரையும் தேர்வுக் குழு இரண்டே நிமிடத்தில் பிரித்துவிடும்.

வழிகளை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். மருத்துவமனை டெக்னீஷியன் வேலைக்குப் பெரும்பாலும் எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வக நுட்பப் படிப்பைத்தான் கேட்பார்கள், எம்.எஸ்ஸி. பயோடெக் அதற்கு நேர்வழி இல்லை. ஆய்வுதான் விருப்பம் என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்சஸ், டி.பி.டி. என்ற மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பெட், கேட் ஆகிய மூன்று தேர்வுகளுக்கும் சேர்த்தே தயாராகட்டும். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி; 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. இந்தத் துறைக்குள்ளேயே போக ஆசையென்றால் நவி மும்பையில் டாட்டா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆய்வுக்கூடமான ஆக்ட்ரெக், திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம், வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பெங்களூரு, ஹைதராபாத் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களும் இந்தக் கைப்பழக்கத்துக்கு ஆள் எடுக்கின்றன. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. முதல் இரண்டு வருஷம் உங்களுக்குக் கவலையாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன்.

இப்போதைக்கு ஒரே வேலை. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எந்தக் குளோன் (ரகம்) ஆன்டிபாடி, எத்தனை மடங்கு நீர்த்தது, கரைசலின் பி.ஹெச்., எத்தனை நிமிடம் சூடு, எல்லாம் தேதியோடு நோட்டில் இருக்க வேண்டும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது மூன்று படங்கள் கொண்டுவரச் சொல்லுங்கள்: சோதனைத் திசு, நிச்சயம் கெரட்டின் உள்ள தோல், ஆன்டிபாடி போடாத வெறும் ஸ்லைடு. எது எது என்று சொல்லாமல் உங்கள் முன் வைத்து, தமிழிலேயே விளக்கட்டும். உங்களுக்குப் புரிகிற அளவுக்குச் சொல்லிவிட்டாளென்றால் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். பயோடேட்டாவை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.