நகராட்சிக் கசடு எருவை நெல் வயலில் போடலாமா?

கேள்வி: ஐயா, பாபநாசம் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர். பத்து வருடத்துக்கு முன்பு செங்கல் சூளைக்கு மேல்மண்ணைக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து நெல் தேறவே இல்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காய்ந்த கசடு கிடைக்கிறது. போட்டால் மண் மீளுமா?

பதில்: மீளும், ஆனால் ஒரே போகத்தில் அல்ல. மேல்மண்ணோடு அங்ககக் கரிமமும், அதாவது மக்கிய இலைதழையிலிருந்து மண்ணில் சேரும் கரிமமும் போய்விட்டது. அது இல்லாத மண்ணில் எத்தனை மூட்டை யூரியா போட்டாலும் தங்காது. கசடில் அங்ககப் பொருள், தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் உண்டு. நம் டெல்டா வயல்கள் ஏங்கும் துத்தநாகமும் உண்டு. சாம்பல் சத்து மட்டும் குறைவு, சுத்திகரிக்கும்போதே தண்ணீரோடு கரைந்து போய்விடும். அதனால் தழைச்சத்தும் மணிச்சத்தும் தரும் டி.ஏ.பி. உரத்தைக் குறையுங்கள், சாம்பல் சத்து தரும் பொட்டாஷைக் குறைக்காதீர்கள்.

காய்ந்துவிட்டால் பக்குவமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உருண்டைப்புழு முட்டை காய்ந்த கசடிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழு பாதத்தோலைத் துளைத்தே உள்ளே போகும். நாளைக்கு அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நின்று நாற்று நடப்போகிற பெண்களை நினைத்துத்தான் இவ்வளவு சொல்கிறேன். வைக்கோலும் சருகும் கலந்து குவித்து, உள்சூடு 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் நின்று, அதற்குள் ஐந்து முறையாவது புரட்டிய எருவா என்று நிலையத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

அப்புறம், எருவில் கன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்ற ஆய்வறிக்கையையும் கேளுங்கள். நகரக் கம்போஸ்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்குக் காட்மியம் 5, குரோமியம் 50, ஈயம் 100 மில்லிகிராம். பாத்திரப் பட்டறை, சாயப்பட்டறைக் கழிவு அந்தச் சாக்கடையில் கலக்கிறதா என்றும் விசாரியுங்கள். உலோகம் மண்ணில் சேர்ந்துவிட்டால் பிறகு எடுக்க வழியில்லை.

இந்த வருடம் குறுவையை விட்டுவிடுங்கள். கோடை உழவில் ஏக்கருக்கு 2 டன் போட்டு உழுது, தண்ணீர் வந்ததும் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிட்டுச் சம்பா நடுங்கள். அந்த வயலில் கீரை, வெங்காயம், முள்ளங்கி வேண்டாம்.

செப்டிக் டேங்க் லாரிக்காரர் ராத்திரியில் வந்து இலவசமாகக் கொட்டுகிறேன் என்றால் ரோட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். அது எரு அல்ல, பச்சை மலம்.

இப்போதே ஒரு முறை, சம்பா அறுத்ததும் ஒரு முறை மண் பரிசோதனை செய்யுங்கள். இரண்டு முடிவையும் அனுப்பினால் அடுத்த கோடைக்கு மறுபடி போடலாமா என்று சொல்கிறேன்.