ஈஸ்டருக்கு நாய் வந்ததும் அத்தைக்கு வந்த கோபமும்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பாளையங்கோட்டையிலிருந்து அத்தை (மாமியார்) வந்திருக்கிறார். என் 6 வயது மகள் சார்லி பிரவுன் ஈஸ்டர் கார்ட்டூனைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். "ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளில் நாய் வந்து முட்டை கொடுக்குதா? நிறுத்து" என்கிறார் அத்தை. மகள் அழுகிறாள். நான் யார் பக்கம் பேச?

பதில்: அத்தை சொல்வதில் பாதி சரி. 1974-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த அந்த அரைமணிப் படத்தில் இயேசுவின் பேச்சே இல்லை. ஆனால் இதே பிள்ளைகள் வரும் 1965 கிறிஸ்துமஸ் படத்தில், லைனஸ் என்ற சிறுவன் மேடையேறி லூக்கா 2-ஆம் அதிகாரத்திலிருந்து இயேசு பிறந்த கதையை ஒப்பிப்பான். அதை முதலில் அத்தைக்குப் போட்டுக் காட்டுங்கள். கோபம் கொஞ்சம் இறங்கும்.

அப்புறம் முட்டை. அது கடைக்காரன் கண்டுபிடித்ததல்ல. இடைக்கால ஐரோப்பாவில் லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிக்கு லெந்து தெரியுமா? அது பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டிருந்தது. சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டரன்று விருந்தாயின. கீழை (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபைகளில் இன்றும் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். கிறிஸ்துவின் இரத்தத்துக்கு அடையாளம். லெந்து அனுசரிக்கும் அத்தைக்கு இது ஒன்றும் அந்நியமான கதை இல்லை. கடைக்காரர்களை அந்தப் படமே கிண்டல் செய்கிறது: பிள்ளைகள் ஈஸ்டருக்குச் சாமான் வாங்கப் போனால், கடையில் கிறிஸ்துமஸ் அலங்காரம் தொங்கும்!

படத்தில் எனக்குப் பிடித்தது மார்சி என்ற சிறுமிதான். அவள் தோழி பெப்பர்மின்ட் பாட்டி (பாட்டி இல்லை, சிறுமிதான்) அவளுக்கு முட்டைக்குச் சாயமேற்றக் கற்றுக்கொடுக்கப் பார்ப்பாள். மார்சி முதலில் அத்தனையையும் பொரித்துவிடுவாள். கடைசியில் கொதிக்கிற தண்ணீரில் உடைத்து ஊற்றி சூப்பாக்கிவிடுவாள். உங்கள் மகளுக்கும் யாராவது கற்றுக்கொடுக்க வேண்டுமே! அந்த வேலையை அத்தையிடம் விடுங்கள். ஒரு கை வெங்காயத் தோலும் கொஞ்சம் வினிகரும் போட்டு ஓட்டோடு முட்டையை வேகவைத்தால் நல்ல செம்பழுப்பு ஏறும். அடுப்படியில் பேச்சு தானாக வரும்; கல்லறை வாசலில் கல் புரண்ட கதையையும், ஊரில் இருட்டோடு எழுந்து ஈஸ்டர் ஆராதனைக்குப் போன கதையையும் அத்தை அங்கேதான் சொல்வார்.

படத்தை நிறுத்த வேண்டாம். ஒருமுறை அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். கடைசியில் அந்த நாய் ஸ்நூப்பி எல்லோருக்கும் முட்டை கொடுத்துவிட்டு சார்லி பிரவுனிடம் வரும்போது கூடை காலி. "அவனுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று மகள் கேட்டால் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அத்தை சொல்லட்டும்.