சிறிய கதிர்வீச்சும் அடுத்த தலைமுறையும்: கேள்வி – பதில்

கேள்வி: கதிர்வீச்சு சந்ததியைப் பாதிக்கிறதா என்று அறிய, சுண்டெலிகளுக்குச் சிறிய அளவையே கொடுத்துப் பார்க்கலாமே? ஏன் கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கணக்கில் கொடுக்கிறார்கள்?

பதில்: எண்ணிக்கைதான் காரணம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வில்லியம் ரஸ்ஸல் வகுத்த முறையைப் பாருங்கள். ஏழு ஒடுங்கு மரபணுக்களை (இரட்டையாக இருந்தால்தான் வெளியே தெரிபவை) இரட்டையாகக் கொண்ட பெண்ணோடு, கதிர்பட்ட இயல்பான ஆணை இணை சேர்ப்பார்கள். விந்தணுவில் அந்த ஏழில் ஒன்று கெட்டிருந்தால், குட்டியின் ரோம நிறமோ கண் நிறமோ காது அளவோ காட்டிக்கொடுத்துவிடும். கதிரே படாத ஆண்களின் குட்டிகளில் சுமார் 8 லட்சத்துக்கு 43தான் அப்படி மாறியிருந்தன. அதாவது லட்சத்துக்கு 5 சொச்சம்.

இந்த இயல்பு விகிதம் இரட்டிப்பாக, மெதுவாகக் கொடுக்கும் காமா கதிர் ஏறக்குறைய 1 கிரே தேவை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பு. 100 மில்லிகிரே, அதாவது அதில் பத்தில் ஒரு பங்கு, கொடுத்தால் கூடுவது லட்சத்துக்கு அரைக் குட்டி! அதைத் தற்செயலிலிருந்து பிரித்துக்காட்ட, கதிர்பட்ட பிரிவிலும் படாத பிரிவிலும் தலா 3 கோடிக் குட்டிகளாவது வேண்டும். அது நடக்காத காரியம். அதனால்தான் மொத்த அளவைப் பெரிதாக வைத்து, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் விந்து மூலசெல்களில் வரும் திடீர்மாற்றம், அதே அளவைச் சில நிமிடங்களில் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று 1958-இல் ரஸ்ஸல் குழு வெளியிட்டது. பழுதுபார்த்துக்கொள்ள செல்லுக்கு அவகாசம் கிடைக்கிறது.

இம்முறையில் 500 குட்டிகளைப் பார்த்துவிட்டு ‘பாதிப்பில்லை’ என்று எழுதினால் நம்பாதீர்கள். விகிதம் ஐந்து மடங்கானாலும் 500-இல் பெரும்பாலும் பூஜ்யமே வரும்.

கேள்வி: கதிர் கொடுத்து எத்தனை நாளில் ஆணை இணை சேர்ப்பது?

பதில்: எந்த செல்லைச் சோதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் ஆறேழு வாரங்களில் வெளிவரும் விந்தணுக்கள், கதிர் பட்டபோதே முதிரத் தொடங்கிவிட்டவை. அவற்றால் கரு இறப்பு அதிகம். ஏழு வாரத்துக்குப் பின் கருவுற்றவையே மூலசெல்களின் நிலையைச் சொல்லும். மூலசெல்கள் ஆயுள் முழுதும் விந்து தருபவை என்பதால் மனித ஆபத்தைக் கணிக்க அவையே முக்கியம். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

ஒரே ஆணுக்கு ஒரே மாதிரி மாறிய குட்டிகள் பல பிறந்தால், ஒரே மாற்றம் பல விந்தணுக்களுக்குப் பரவியிருக்கலாம். அது கதிருக்கு முன்பே நேர்ந்ததாகவும் இருக்கலாம். அதனால் தந்தையின் எண் இல்லாமல் எந்தக் குட்டியையும் பதியாதீர்கள். மாறிய குட்டியை வளர்த்து, மறுபடி இணை சேர்த்து, பண்பு கடத்தப்படுகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

கூண்டின் இடத்திலும் கவனம் வேண்டும். கதிர் மூலத்திலிருந்து 1 மீட்டரில் இருக்கும் கூண்டு 10 செ.மீ. பின்னே நகர்ந்தால் அளவு 17 விழுக்காடு குறைந்துவிடும். கூண்டுகளைச் சுழற்றி வையுங்கள். உள்ளே கதிர் அளவை அளக்கும் அளவி ஒன்றையும் வையுங்கள். ஒப்பீட்டு எலிகளையும் அதே அறைக்குக் கொண்டுபோய், மூலத்தை மூடியே வைத்திருந்து, அதே நேரம் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: பெண் சுண்டெலியை வைத்துச் செய்தால்?

பதில்: முதிராத முட்டை செல்கள் சிறிய அளவிலேயே இறந்துவிடுகின்றன. அதனால் ஏழு வாரத்துக்குப் பின் கருவுறும் குட்டிகளில் மாற்றம் கிடைப்பதே அரிது. அதைப் ‘பெண்ணுக்கு ஆபத்தில்லை’ என்று படிக்கக் கூடாது. மனித முட்டை செல் அவ்வளவு எளிதில் இறப்பதில்லை.