கேள்வி – பதில்: ஜிபிஎஸ் கருவியால் வரப்பை அளக்கலாமா?

கேள்வி: என் தென்னந்தோப்பு பட்டாப்படி ஒரு ஏக்கர், ஏறக்குறையச் சதுரமானது. கையடக்க ஜிபிஎஸ் கருவியுடன் வரப்போரமாகச் சுற்றி நடந்து அளந்தபோது, காலையில் 106 சென்ட் என்றும் மாலையில் 94 சென்ட் என்றும் காட்டியது. கருவி பழுதா, அல்லது பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை நகர்த்திவிட்டாரா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கருவி பழுதில்லை. வரப்பு நகர்ந்ததா என்பதை இந்த அளவை வைத்துச் சொல்லவும் முடியாது. அண்டை நிலத்துக்காரரிடம் பேசுவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். சதுரமான தோப்பென்றால் சுற்றளவு ஏறத்தாழ 254 மீட்டர். கருவி வரைந்த கோடு நாற்புறமும் ஒரே ஒரு மீட்டர் வெளியே தள்ளி விழுந்தாலே ஆறு சென்ட் கூடிவிடும். உள்ளே தள்ளி விழுந்தால் ஆறு சென்ட் குறைந்துவிடும். ஒரு மீட்டர் என்பது நீங்கள் எட்டி வைக்கும் ஒரு காலடித் தூரம்தான். திறந்தவெளியில்கூட இத்தகைய கருவிகள் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகுவது இயல்பு என்பதால், உங்கள் கருவி நன்றாகவே உழைத்திருக்கிறது என்பேன்.

ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்தே கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. அந்த நேரத்தில் விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினால், தூரத்தில் 30 செ.மீ. தவறும். தென்னையின் ஈர மட்டைகள் சிக்னலை மங்கச் செய்கின்றன. மோட்டார் அறையின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் சிக்னலோ சுற்றி வருவதால் தூரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. செயற்கைக்கோள்கள் வானில் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், காலையில் நேர்ந்த பிசகு மாலையில் அப்படியே நேர்வதில்லை.

எல்லையில் ஐயம் இருந்தால், கட்டணம் செலுத்தி அளவை மனு கொடுத்து, புலப்படத்தின்படி (உங்கள் நிலத்தின் அளவுகள் குறித்த அரசு வரைபடம்) நில அளவரைக் கொண்டு அளந்துகொள்ளுங்கள். கருவிக்கு வேறொரு நல்ல வேலை உண்டு. புதர் மூடிய சர்வே கல் ஒவ்வொன்றின் மேலும் ஐந்து நிமிடம் நின்று, கருவியைத் தலைக்கு மேல் பிடித்து, சராசரி எடுத்துப் பதிந்துவையுங்கள். பின்னாளில் சில மீட்டர் தூரத்துக்குள் தேடினால் கல் அகப்பட்டுவிடும்.

கேள்வி: பறவைக் கணக்கெடுப்பின்போது கூடு இருந்த இடத்தை அட்சரேகை 11° 25.50′ என்று குறித்துக் கொடுத்தேன். நண்பரோ அரை கிலோமீட்டருக்கும் அப்பால் போய்த் தேடியிருக்கிறார். தவறு எங்கே? (மாணவி, உதகமண்டலம்)

பதில்: அட்சரேகையில் நிமிடம், விநாடி என்பவை நேரமல்ல; ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு நிமிடம், நிமிடத்தின் அறுபதில் ஒரு பங்கு விநாடி. நீங்கள் எழுதிய 25.50 என்பது இருபத்தைந்தரை நிமிடம், அதாவது 25 நிமிடம் 30 விநாடி. நண்பர் அதை 25 நிமிடம் 50 விநாடி என்று படித்திருப்பார். வடக்குத் தெற்காக ஒரு விநாடி ஏறத்தாழ 31 மீட்டர். இருபது விநாடி என்றால் 620 மீட்டர். குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எந்த முறையில் எழுதுகிறீர்கள் என்பதைக் குறித்துவிடுங்கள். இருவர் கருவியிலும் அதே முறையை அமைத்துக்கொண்ட பிறகே காட்டுக்குள் செல்லுங்கள்.